பேஸ் கிற்றார்: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு, சுருதி சேர்ப்பதிலிருந்து முதல் ஒலிப்பதிவு வரை

வன்னியில் பேஸ் கிற்றாரைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஏதோவொரு குழுவோடு நிற்பவராகத்தான் இருப்பார். தேவாலயப் பாடகர் குழாமில் கிற்றார் வாசிப்பவர், திருவிழா மேடையில் ஒக்டபாட் அடிப்பவர், பாடசாலைக் குழுவில் கீபோர்ட் பழகியவர் என்று யாரோ ஒருவர். குழுவில் பேஸுக்கு ஆள் இல்லை என்றதும் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்து சேர்கிறது. கிற்றார் தெரிந்தவருக்குச் சுரங்களின் இடம் உடனே பிடிபடும். கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் அதுதான் பேஸ்: ஈ, ஏ, டி, ஜி. பிடிபடாமல் போவது வேறொன்று. கிற்றாரில் மீட்டிய சுரம் தானாக மெலிந்து ஓய்ந்துவிடும். பேஸில் நீங்கள் நிறுத்தாவிட்டால் அது நெடுநேரம் முழங்கிக்கொண்டிருக்கும். அந்த முழக்கம் அடுத்த சுரத்தின் மேல் ஏறி, தவிலின் தொப்பியையும் ட்ரம்மின் கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) மூடி, பாடுபவரின் சுருதியைக் குழப்பிவிடும். ஆகவே சுரத்தை எழுப்பும் முறைக்குக் கொடுக்கும் அதே நேரத்தை அதை நிறுத்தும் முறைக்கும் கொடுங்கள். கீழே வரும் படிகள் பலவும் இதைச் சுற்றியே வருகின்றன.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வழமையான பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். 12, 13 வயதுப் பிள்ளைக்கோ சிறிய கை உள்ளவருக்கோ 30 அங்குலம் போதும். ஒலியில் சிறு வேறுபாடுதான், கைநோவில் பெரிய வேறுபாடு.

பழையதை வாங்கினால் உடலின் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்குப் பாருங்கள். மெல்லிய வளைவு இருக்கலாம், அதைச் சரிசெய்யலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டையும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி மீட்டுங்கள். 20 பிரெட் என்றால் 80 இடங்கள், ஐந்து நிமிட வேலை. குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கவலை வேண்டாம், கொன்ராக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். கழுத்துக் கம்பியின் (கழுத்து மரத்துக்குள் ஓடி அதன் வளைவைத் தாங்கும் இரும்புக் கம்பி) திருகு வாய் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அது பெரிய செலவு.

இரண்டு வடிவங்கள் அடிக்கடி கண்ணில் படும். 1951இல் பெண்டர் நிறுவனம் கொண்டுவந்த பிரெசிசன், 1960இல் வந்த ஜாஸ். இன்றைய மலிவான பேஸ்கள் பெரும்பாலும் இவ்விரண்டின் நகல்களே. பிரெசிசன் வகையில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பகுதி) இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும்; அந்த அமைப்பே கரண்ட் இரைச்சலை அடக்கிவிடும். ஜாஸ் வகையில் இரண்டு தனிப் பிக்கப்கள். இரண்டின் குமிழும் ஒரே அளவில் திறந்திருந்தால்தான் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். நம் பக்கத்து மின்வயரிங்கை நினைத்தால் முதல் பேஸுக்குப் பிரெசிசன் வகையே நல்லது. பற்றரி இல்லாத பாசிவ் வகையாகவும் இருக்கட்டும். அக்டிவ் வகையில் பிளக்கைச் செருகியபடியே விட்டால் 9 வோல்ற் பற்றரி இறங்கிவிடும், திருவிழா இரவில் அது தெரியவரும்.

வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவருதல்

கடையிலிருந்து வந்த பேஸ் அப்படியே வாசிக்க ஏற்றதாக இருப்பது அரிது. ஒழுங்கு முக்கியம், ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும் என்பதால் வரிசையைக் குழப்பாதீர்கள்.

1. முதலில் சுருதி. ஈ கம்பியின் அதிர்வெண் 41.2 ஹேர்ட்ஸ், போனின் மைக் இதைச் சரியாகக் கேட்காமல் ஊசி அங்குமிங்கும் ஆடும். 12ஆம் பிரெட்டின் நேர்மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள். வரும் மணியொலி 82.4 ஹேர்ட்ஸ், அதைப் போன் நன்றாகப் பிடிக்கும். தலையில் கவ்வும் ரியூனர் இருந்தால் இன்னும் நல்லது. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சுருதியில் நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் சிறிது நேரத்தில் இன்னும் இறங்கிவிடும்.

2. அடுத்து கழுத்தின் வளைவு. முதல் பிரெட்டை ஒரு கப்போவால் (கம்பிகளைக் கழுத்தோடு அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இறுக்கி, கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டை விரலால் அழுத்துங்கள். இப்போது 7ஆம், 8ஆம் பிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அளவுகோல் இல்லாவிட்டால் போட்டோக்கொப்பித் தாள் 3 அல்லது 4ஐ அடுக்கி நுழைத்துப் பாருங்கள், ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. இடைவெளி கூடினால் கழுத்துக் கம்பியின் திருகில் அலன் சாவியை வலஞ்சுழியாகக் கால் சுற்று, குறைந்தால் இடஞ்சுழியாகக் கால் சுற்று. அதற்கு மேல் ஒரே தடவையில் திருப்பவே வேண்டாம். திரும்பச் சுருதி சேர்த்து, அரை மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். சாவி அசைய மறுத்தால் பலம் பிரயோகிக்காதீர்கள். உள்ளே கம்பி முறிந்தால் கழுத்தே போய்விடும்.

3. கம்பியின் உயரம். 12ஆம் பிரெட்டில் ஈ கம்பிக்கு 2.5 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். கீழ்ப் பிரெட்களில் மட்டும் சிலும்பினால் (கம்பி பிரெட்டில் உரசி இரைந்தால்) கழுத்து மிக நேராகிவிட்டது. எல்லா இடத்திலும் சிலும்பினால் கம்பி தாழ்ந்துவிட்டது. ஒரேயொரு இடத்தில் சிலும்பினால் அடுத்த பிரெட் உயர்ந்து நிற்கிறது, அது தேர்ந்த கைக்குரிய வேலை.

4. கடைசியாகச் சுரத் திருத்தம். 12ஆம் பிரெட்டில் மணியொலியையும், அதே இடத்தை அழுத்தி வரும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜிலுள்ள (உடலில் கம்பிகள் பூட்டிய தகடு) குதிரையை, அதாவது கம்பி தங்கும் சிறு துண்டை, பின்னுக்கு இழுங்கள், குறைவாக இருந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். பழைய கம்பியில் இது ஒருபோதும் சரிவராது. தேய்ந்த கம்பி நீளம் முழுவதும் ஒரே தடிப்பில் இல்லை.

சோளகக் காற்று வீசும் காய்ச்சல் மாதங்களிலும் வாடையோடு மாரி பிடிக்கும் மாதங்களிலும் கழுத்து மரம் ஒரே நிலையில் இராது. மழை தொடங்கிச் சில கிழமைக்குப் பின் ஒரு தடவை, காலபோக அறுவடை முடிந்து காய்ச்சல் திரும்பியபின் ஒரு தடவை என ஆண்டுக்கு இரு முறை இரண்டாம் படியை மட்டும் செய்து பாருங்கள். தகரக் கூரைக்கு நேர்கீழே பரணிலோ, வெயிலில் நிற்கும் வானுக்குள்ளோ பேஸை விடக்கூடாது. சூட்டில் பசை இளகும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் வாசித்து முடித்த ஒவ்வொரு தடவையும் பழைய சாரத் துண்டொன்றால் கம்பியைத் துடைத்து உறைக்குள் வையுங்கள். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் கம்பி விரைவிலேயே கறுத்துவிடும்.

புதுக் கம்பி போடும்போது ஒரு தவறு நிறைய நடக்கிறது. தேவையான நீளத்துக்கு நேராக வெட்டிவிடுவார்கள்; வெட்டிய முனையில் வெளிச்சுற்று தளர்ந்து கம்பி செத்த ஒலியைத் தரும். முதலில் வெட்ட வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பாகக் கூர்மையாக மடித்துக்கொண்டு, மடிப்புக்கு வெளியே வெட்டுங்கள். முளையில் 2 அல்லது 3 சுற்று, மேலிருந்து கீழாக இறங்கட்டும்.

கைகள்

வலக்கை பெருவிரல் பிக்கப்பின் மேல் தங்கட்டும். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி. விரலால் கம்பியை மேலே பிடுங்கக் கூடாது. உள்ளே தள்ளி, கடந்து, அடுத்த தடித்த கம்பியின் மேல் விரல் போய் ஓய வேண்டும். ஏ கம்பியை மீட்டிய விரல் ஈ கம்பியில் வந்து நிற்கும். அந்தக் கணமே ஈ கம்பி அடங்கிவிடும். ஜி கம்பிக்குப் போகும்போது பெருவிரலையும் இறக்கி ஈ கம்பியின் மேல் வையுங்கள். கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்ட ஒலி, பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் இறுக்கமான, தெளிவான ஒலி. அம்ப்ளிபயரின் குமிழைத் தொடுமுன் கையை நகர்த்திப் பாருங்கள்.

இடக்கையில் விரல் பிரெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி நிற்க வேண்டும். விலகி நின்றால் சிலும்பும், பிரெட்டின் மேலேயே ஏறினால் ஒலி மூச்சுத் திணறும். 34 அங்குலப் பேஸில் முதல் பிரெட் இடைவெளியின் அகலம் 48 மி.மீ.க்கு மேல், 5ஆம் பிரெட்டில் 38, 12ஆம் பிரெட்டில் 26. ஆகவே ‘ஒரு விரலுக்கு ஒரு பிரெட்’ என்ற விதியைக் கீழே கட்டாயப்படுத்தாதீர்கள். மணிக்கட்டு நோவுக்கு அது நேர் வழி. 5ஆம் பிரெட்டுக்குக் கீழே சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றால் 3 பிரெட்டை மூடுங்கள், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கட்டும். 5க்கு மேலே நான்கு விரலும் தனித்தனியாக இயங்கலாம்.

சுரத்தை நிறுத்துவது இடக்கையின் வேலை. விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். எடுத்துவிட்டால் வெறும் கம்பி அதிரத் தொடங்கும். ஒரு விரலால் தளர்த்தினால் சில இடங்களில் மணியொலி தப்பி வரும் (5, 7, 12 ஆகிய பிரெட்களில் கட்டாயம் வரும்), எனவே பக்கத்து விரலையும் சேர்த்துப் படியவிடுங்கள்.

முதல் மாதப் பயிற்சி இவ்வளவுதான். மெற்றோனோம் 60இல் (நிமிடத்துக்கு 60 அடி). ஒரே சுரத்தை ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாக, அடுத்த அடி வரை முழுதாக நிறைத்து 16 தடவை. பிறகு அதே சுரத்தை அரை அடி ஒலித்து, அரை அடி மௌனமாக 16 தடவை. பிறகு கால் அடி மட்டும். மௌனம் உண்மையில் மௌனமாக இருக்கிறதா என்று காதால் பாருங்கள். மற்றக் கம்பிகள் முனகிக்கொண்டிருந்தால் எங்கோ ஒரு விரல் வேலை செய்யவில்லை. இது அலுப்பான பயிற்சி. ஆனால் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வேறுபாடு மேடையில் முதல் பாட்டிலேயே கேட்கும்.

அது சரிவந்ததும் மிருதங்கம் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கட்டுகளை எடுங்கள். ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே ஒரு அடிக்கு நான்கு சுரம். விரல் மாறி மாறி வருவதால் ஒவ்வொரு ‘த’வும் சுட்டுவிரலில் விழும். ‘தகிட’வுக்கு வாருங்கள்: முதல் ‘த’ சுட்டுவிரலில், அடுத்த ‘த’ நடுவிரலில். அங்கேதான் தாளம் தடுக்கும். நடுவிரலில் விழும் ‘த’வும் சுட்டுவிரலின் அதே கனத்தில் வரும்வரை 50இலேயே நில்லுங்கள். பெருவிரலால் அடிக்கும் ஸ்லாப் முறை பார்க்கக் கவர்ச்சியானது; மௌனம் கைக்குள் வராமல் அதைத் தொட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். முதல் ஆறு மாதம் பொறுங்கள்.

தொடக்கத்தில் 15 நிமிடம், காலையும் மாலையும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் ஒரு நாள் விடுங்கள்.

கட்டையிலிருந்து பிரெட்டுக்கு

பாடுபவர் ‘5 கட்டை’ என்பார். கிற்றார் வாசிப்பவர் ‘ஜி’ என்பார். பேஸ் வாசிப்பவர் இரண்டு மொழியும் அறிந்திருக்க வேண்டும். 1 கட்டை சி, அதன் ‘ச’ ஏ கம்பியின் 3ஆம் பிரெட். 2 கட்டை டி, ஏ கம்பியின் 5ஆம் பிரெட். 4 கட்டை எஃப், ஈ கம்பியின் 1ஆம் பிரெட். 5 கட்டை ஜி, ஈ கம்பியின் 3ஆம் பிரெட். 6 கட்டை ஏ, ஈ கம்பியின் 5ஆம் பிரெட். அரைக் கட்டை கூடினால் ஒரு பிரெட் மேலே. ஆனால் 3இலிருந்து 4க்கு ஒரே பிரெட்தான், இடையில் மூன்றரைக் கட்டை கிடையாது.

‘ச’ தெரிந்தால் ‘ப’ அடுத்த மெல்லிய கம்பியில் 2 பிரெட் மேலே. மேல் ‘ச’ அதற்கும் அடுத்த கம்பியில், ‘ப’வின் அதே பிரெட்டில். இந்த ச-ப-ச வடிவம் கழுத்தில் எங்கே வைத்தாலும் மாறாது. ‘ப’ கீழே வேண்டுமானால் ‘ச’வின் அதே பிரெட்டில் ஒரு கம்பி தடித்த பக்கம். முதல் பத்துப் பாடல்களுக்கு இந்த மூன்று சுரமும் போதும். மேஜரா மைனரா என்ற பயமும் இல்லை, ‘க’வைத் தொடாதவரை இரண்டுக்கும் இவை பொருந்தும். கோர்ட் மாறும் அடிக்கு முந்திய அரை அடியில், புதுச் சுரத்துக்கு ஒரு பிரெட் கீழிருந்தோ மேலிருந்தோ ஏறிப் போங்கள். கேட்பவருக்குப் பாட்டு நடப்பதுபோல் இருக்கும்.

குழுவுக்குள்

நம் குழுக்களில் பேஸின் முதல் மோதல் கீபோர்ட்டோடுதான். இவ்வளவு காலமும் பேஸ் இல்லாத குறையைக் கீபோர்ட்காரர் இடக்கையால் நிரப்பியிருப்பார். பேஸ் வந்த பிறகும் கை பழக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். இரண்டு பேரும் கீழே நின்றால் ஒலி சேறாகும், சிறு சுருதி வேறுபாடுகூட அலைபோல் துடிக்கும். ஒத்திகைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்: நடு சியிலிருந்து ஒரு ஸ்தாயிக்குக் கீழே கீபோர்ட் வராது. இதை மேடையில் சைகையால் தீர்க்க முடியாது.

கிக் விழும் அடியில் நீங்களும் விழுங்கள். ஒக்டபாட் என்றாலும் தவில் என்றாலும் இதுவே. சினேர் விழும் அடியில் சுரத்தை வெட்டிவிட்டால் சினேர் துலங்கும். அம்ப்ளிபயரில் பேஸ் குமிழை முழுதாகத் திறந்து வைப்பது புதியவர்களின் வழமை. அருகில் நிற்பவருக்கு அது இனிமை, 20 மீற்றர் தள்ளி இருப்பவருக்குச் சுரமே தெரியாத உறுமல். பேஸ் குமிழை நடுவில் வைத்து, மிட் குமிழைச் சற்று ஏற்றுங்கள்.

கரண்ட்: இதை மட்டும் தவறவிடாதீர்கள்

பேஸின் கம்பி அம்ப்ளிபயரின் எர்த்தோடு இணைந்தது. கையில் கம்பி, உதட்டில் மைக். இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்து, ஒன்றின் எர்த் பழுதானால் உங்கள் உடல்தான் வயர். திருவிழா மேடையில் ஒரு பக்கம் ஜெனரேற்றர், மறு பக்கம் மண்டபக் கரண்ட் என்று பிரிந்திருக்கும்போது இது உயிராபத்து. பேஸ் அம்ப்ளிபயரும் மிக்சரும் ஒரே பிளக் பொயின்ற்றிலிருந்து, எர்த் உள்ள ஒரே எக்ஸ்ரென்சனில் எடுக்கட்டும். எர்த் முள்ளை முறித்து, இரண்டு முள் பிளக்கில் செருகுவது இரைச்சலைக் குறைக்கலாம். அந்த வேலையைச் செய்யவே கூடாது. பாடத் தொடங்குமுன் மைக்கின் வலையில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், விளக்கு எரிந்தால் உடனே கழற்றுங்கள். ஜெனரேற்றர் ஓடி நிலைத்தபின் அம்ப்ளிபயரைப் போடுங்கள். நிறுத்துமுன் அம்ப்ளிபயரை அணையுங்கள்.

இரைச்சலுக்கு வருவோம். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ கம்பியின் 3ஆம் பிரெட்டிலுள்ள ஜி 49 ஹேர்ட்ஸ். அதனால் 5 கட்டைப் பாட்டில் இரைச்சல் உங்கள் ‘ச’வுக்குப் பக்கத்திலேயே, சற்றுச் சுருதி பிசகி நிற்கும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? எர்த் வயர் சரி, சுற்றியுள்ள மின்கருவிதான் காரணம்: ரியூப் லைற், மின்விசிறியின் ரெகுலேற்றர், சோலர் இன்வேர்ட்டர். தொட்டால் கூடுகிறதா? பேஸுக்குள் பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் வயர் அறுந்திருக்கலாம், திறந்து பாருங்கள்.

ஒலிப்பதிவு

வீட்டில் பதிவதற்குப் பேஸைப்போல் வசதியான வாத்தியம் இல்லை. நேரடியாக வயரில் எடுத்தால் தகரத்தில் விழும் மழையும் குளத்துத் தவளையும் பதிவில் வராது.

தேவை: ஓடியோ இன்ரபேஸ் (வாத்தியத்தின் ஒலியை லப்டொப்புக்கோ போனுக்கோ கொண்டுசெல்லும் பெட்டி), ஒரு வயர், ஹெட்போன், லப்டொப் அல்லது போன். இன்ரபேஸில் ‘இன்ஸ்ற்றுமென்ற்’ என்ற பொத்தான் அல்லது துளை இருக்க வேண்டும். அதன் மின்தடை 1 மெகா ஓம் அளவில் இருக்கும். அதை விட்டு ‘லைன்’ துளையில் செருகினால் பிக்கப்பின் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) செத்து, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். தேவாலய மிக்சரில் நேரே செருகும்போதும் இதே குறைதான். இடையில் ஒரு டி.ஐ. பொக்ஸ் (பேஸை மிக்சருக்குப் பொருத்தமாக்கும் சிறு பெட்டி) வையுங்கள். அம்ப்ளிபயரிலிருந்து எடுப்பதானால் ‘லைன் அவுட்’ மட்டும். ‘ஸ்பீக்கர்’ துளையிலிருந்து இன்ரபேஸுக்கு வயர் போட்டால் இன்ரபேஸ் எரிந்துவிடும்.

லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் ஓடவிடுங்கள். பாதி இரைச்சல் அங்கேயே நிற்கும். மென்பொருளில் 48 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிற். பஃபர் (buffer) அளவு 128: அது 2.7 மில்லி செக்கன் தாமதம், விரலுக்குத் தெரியாது. பதிவு வெடித்து வெடித்து வந்தால் 256க்கு ஏற்றுங்கள். உச்சக்கட்டம் எப்படி வாசிப்பீர்களோ அப்படி வாசித்து, ஊசி மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் கெயினை நிறுத்துங்கள். சிவப்பைத் தொட்ட சுரத்தைப் பிறகு எதனாலும் மீட்க முடியாது. குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் முன் சுருதி பாருங்கள். கிக்கும் மெற்றோனோமும் மட்டும் ஹெட்போனில் போதும், எல்லா வாத்தியமும் வேண்டாம். பாட்டை முழுதாக மூன்று தடவை வாசித்துப் பதியுங்கள். பிறகு நல்ல பகுதிகளைத் தேர்ந்து இணையுங்கள். வெட்டும் இடம் எப்போதும் மௌனத்தில் இருக்கட்டும். முதல் மாதம் மௌனத்தைப் பழகியவருக்கு வெட்ட இடம் நிறையக் கிடைக்கும். பழகாதவரின் பதிவில் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால் கத்தி வைக்க இடமே இராது.

கலவைக்கு இந்த வரிசையில் போங்கள். 30 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அங்கே சுரம் இல்லை, அதிர்வு மட்டுமே. 200க்கும் 300க்கும் இடையே 2 அல்லது 3 டெசிபல் குறைத்தால் சேறு விலகும். கொம்பிரசரில் (உரத்த சுரங்களைத் தானாக அடக்கும் கருவி) 4:1, அற்றாக் (அடக்கத் தொடங்கும் நேரம்) 20 முதல் 30 மில்லி செக்கன், ரிலீஸ் (விடுவிக்கும் நேரம்) 100 அளவில். உரத்த சுரத்தில் ஊசி 4 முதல் 6 டெசிபல் இறங்கினால் போதும். அற்றாக்கை மிகக் குறைத்தால் விரலின் தொடக்கத் தட்டு மறைந்து, பேஸ் பின்னால் போய்விடும்.

போன் ஸ்பீக்கரால் 41 ஹேர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் நல்ல பதிவில் பேஸ் போனிலும் கேட்கும், ஏனெனில் மேற்சுரங்களைக் கேட்ட காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். 700 முதல் 1000 ஹேர்ட்ஸ் வரை சற்று ஏற்றி, மெல்லிய டிஸ்ரோர்சன் சேர்த்தால் அந்த மேற்சுரங்கள் கிடைக்கும். தனியாகக் கேட்கும்போது சற்று முரடாகத் தோன்றும்; பாட்டோடு கேளுங்கள்.

கடைசித் தடை உங்கள் அறை. 10 அடிக்கு 10 அடி அறையில் 57 ஹேர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கும். அது ஏ சுரத்துக்கும் அடுத்த அரைச் சுரத்துக்கும் இடைப்பட்ட இடம். சுவரோடு இருந்தால் அந்தச் சுரம் வீங்கும், அறையின் நட்ட நடுவில் இருந்தால் காணாமல் போகும். நடுவில் இருந்து கலவை செய்பவர் பேஸ் போதாது என்று ஏற்றிக்கொண்டே போவார். மெத்தை, திரை எதுவும் இதற்கு உதவாது. அந்த அலையின் நீளம் 6 மீற்றர். நாற்காலியைச் சுவரிலிருந்து மூன்றிலொரு பங்குத் தூரத்தில் போடுங்கள். பேஸின் அளவை ஹெட்போனில் தீர்மானித்து, போனில் ஒரு தடவை, ஓட்டோ பொக்ஸில் ஒரு தடவை கேளுங்கள். ஓட்டோவில் ஒரேயொரு சுரம் மட்டும் முழங்கி மற்றவை அமுங்கினால், எல்லாவற்றையும் குறைக்காமல் அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணை மட்டும் 2 டெசிபல் இறக்கித் திரும்பவும் போய்க் கேளுங்கள்.